முதல் பட்டதாரிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் எது கடினம்? ஆங்கிலம் மட்டும்தானா?

கேள்வி: 19 ஜூன் 2025

என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி. கட்-ஆஃப் 178. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அவள்தான். இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கல்லூரிச் சூழல் ஓரங்கட்டிவிடும், ஆங்கிலம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார் என் மேலாளர். இரண்டு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். எனக்கும் ஆங்கிலம்தான் பிரச்சினை என்று தோன்றுகிறது. கட்டலாமா?

20 ஜூன்

பன்னிரண்டாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

நானும் அதே வழியில் வந்தவள். அரியலூர் மாவட்டத்துக் கிராமம், அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் வழி. 2011-இல் கோவைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், இங்கே அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதல் செமஸ்டரில் ஆங்கிலம் அழவைத்தது உண்மை. ஆனால் எனக்கு ஆங்கிலம் வராது என்பது எனக்கும் தெரியும், ஆசிரியர்களுக்கும் தெரியும், பக்கத்து பெஞ்சுக்கும் தெரியும். தெரிந்த குறையை எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம். தேர்வில் எழுதுகிற அளவுக்கான ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்குள் பெரும்பாலும் வந்துவிடுகிறது. என்னைக் கவிழ்த்தது, குறையென்றே நான் அறியாத ஒன்று.

முதல் செமஸ்டர் கணிதத்தில் நான் தேர்ச்சி பெறவில்லை. என் அறைத்தோழியும் பெறவில்லை. அவளுடைய அப்பா வங்கியில் வேலை பார்த்தார், அண்ணன் பொறியாளர். முடிவு வந்த அன்றே அண்ணனுக்குப் போன் செய்தாள். மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டினாள். நகல் வந்ததும் அதை ஒரு விரிவுரையாளரிடம் காட்டி, எங்கே மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறது என்று குறித்து வாங்கி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தாள். தேர்ச்சி வந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், ஊருக்குப் போய்விட்டேன். பள்ளியில் வாத்தியார் போட்ட மதிப்பெண் போட்டதுதான். அதை எதிர்த்துக் கேட்கலாம், அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது, எல்லாவற்றுக்கும் சில நாள்தான் அவகாசம் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அடுத்த முறை எழுதித் தேறினேன். ஆனால் இறுதியாண்டில் வளாக நேர்காணலுக்கு வந்த முதல் நிறுவனமே, இதுவரை ஒரு அரியர்கூட வைக்காதவர்கள் மட்டும் வரலாம் என்று சொன்னபோது, அவள் உள்ளே போனாள், நான் வெளியே நின்றேன்.

என் தாளிலும் மதிப்பெண் ஏறியிருக்குமா? ஏறாமலும் போயிருக்கலாம். அது எனக்குப் பெரிதில்லை. கேட்கலாம் என்பதே தெரியாமல் இருந்தேனே, அதைத்தான் சொல்கிறேன். இதற்கு எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள்?

20 ஜூன், இரவு

ஒன்று விட்டுவிட்டேன். உங்கள் அண்ணன் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்கிறீர்கள். அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவாள். 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரித்தார்கள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதோடு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். உங்கள் மேலாளர் இதையெல்லாம் சொன்னாரா, வகுப்புக் கட்டணத்தை மட்டும் சொன்னாரா?

21 ஜூன்

"எல்லாம் விதிமுறைப் புத்தகத்திலேயே இருக்கிறது, படிக்காதது யார் குற்றம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. ஆங்கிலத்தில், பல பக்கப் பிடிஎஃப் கோப்பாக இருக்கிறது. அதில் இதுவும் இருக்கிறது, பாருங்கள்: தக்க காரணம் இருந்தால், படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு செமஸ்டரில் மட்டும், தேர்வு எழுதாமல் விலகிக்கொள்ள அண்ணா பல்கலைக்கழக விதியில் இடம் உண்டு. முன்கூட்டியே துறைத் தலைவர் பரிந்துரையோடு விண்ணப்பிக்க வேண்டும். அப்படி விலகினால் அது தோல்வியாகக் கணக்கில் ஏறாது.

என் வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒருவன் இருந்தான். மலையாளி பழங்குடி. அவனும் வீட்டில் முதல் ஆள்தான். தேர்வு நடக்கும் வாரத்தில் அவன் அப்பா இறந்துபோனார். காரியத்தை முடித்துவிட்டு வந்து ஒரு தேர்வை எழுதினான், மற்றதை விட்டுவிட்டான். நான்கு அரியர். அவன் ஊருக்குப் போனது வகுப்பு ஆசிரியருக்குத் தெரியும், துறைத் தலைவருக்கும் தெரியும். எல்லாரும் வருத்தப்பட்டார்கள், ஒரு ஆசிரியர் வழிச்செலவுக்குப் பணம்கூடக் கொடுத்தார். அந்த விதியை மட்டும் யாரும் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தால் இல்லை. கேட்கிறவனுக்குச் சொல்வது எங்கள் கல்லூரியின் பழக்கம். அவன் கேட்கவில்லை.

விதிமுறைப் புத்தகத்தைப் படி என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டீர்கள்? அண்ணன் சொன்னார், சீனியர் சொன்னார், அப்பாவின் நண்பர் சொன்னார் என்றுதானே தெரிந்தது?

24 ஜூன்

என் தம்பி கதையைச் சொன்னால் நான் சொல்வது விளங்கும்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நான் வாங்கிவிட்டதால் மூன்று ஆண்டு கழித்துச் சேர்ந்த தம்பிக்குக் கிடையாது. காகிதத்தின்படி நான்தான் கைதூக்கிவிடப்பட வேண்டியவள், அவனுக்குத் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால் அது ஒருவகையில் சரியாகவே இருந்தது. அதே வீடு, அதே வருமானம், அதே பள்ளி, என்னைவிடக் குறைந்த கட்-ஆஃப். ஆனால் அவன் கல்லூரியில் என்னைவிட நூறு மடங்கு நிம்மதியாக இருந்தான்.

ரெக்கார்டு நோட்டை எப்போது கையெழுத்துக்கு வைக்க வேண்டும், இன்டெர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மருத்துவச் சான்றிதழோடு யாரைப் பார்ப்பது, வேறு கல்லூரி சிம்போசியத்துக்குப் போனால் அன்றைக்கு வருகை போட்டுத் தருவார்கள் என்பது, போனஃபைடு சான்றிதழ் என்றால் என்ன என்பது எல்லாம் சேரும் முன்பே அவனுக்குத் தெரியும். நான் தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஆங்கிலம் அவனுக்கு இன்றைக்கும் சுமார்தான். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கிறான்.

ஆசிரியர்கள் அவனைக் கெட்டிக்காரன் என்றார்கள். என்னை அமைதியான பெண் என்றார்கள். எனக்கு மட்டும் ஓர் அக்கா இருந்திருந்தால் என்னையும் கெட்டிக்காரி என்றிருப்பார்கள்.

25 ஜூன்

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது தம்பியே போன் செய்துவிட்டான். "பாதியை உன்னிடமிருந்து தெரிந்துகொண்டேன், மீதி டீக்கடையில்" என்கிறான்.

உண்மைதான். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. ஆண்கள் இரவு ஒன்பதரை வரை அங்கே இருப்பார்கள். எந்த ஆய்வகத்தில் எந்தப் பரிசோதனை வரும், எந்த வெளித் தேர்வாளர் வைவாவில் எதைக் கேட்பார், எந்த நிறுவனம் அடுத்த வாரம் வருகிறது, எல்லாம் அங்கேதான் பேசப்படும். சில இளம் விரிவுரையாளர்களும் அங்கே வருவார்கள். பெண்கள் விடுதிக்கு ஆறரைக்குப் பூட்டு. நாங்கள் உள்ளே இருந்தோம், எங்களோடு வார்டன் இருந்தார், ஒரு தொலைக்காட்சி இருந்தது.

ஆக, செய்தி ஒரு கல்லூரிக்குள் எங்கே உட்கார்ந்து பேசப்படுகிறது என்று பார்த்தால் போதும், அங்கே யார் சௌகரியமாக இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். டே ஸ்காலருக்குப் பஸ், விடுதி ஆண்களுக்கு டீக்கடை, ஊர்க்காரர்களுக்குச் சொந்தக்காரர். வாட்ஸ்அப் வந்தபின் இது மாறிவிட்டது என்கிறார்கள். எந்தக் குழுவில் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

26 ஜூன்

டீக்கடையை மூடச் சொல்லவில்லை. பெண்கள் விடுதிப் பூட்டைப் பற்றித்தான் சொன்னேன். அதற்குள் "கலாச்சாரம் கெடும்" என்று மூன்று பேர் எழுதியாகிவிட்டது.

30 ஜூன்

இப்போது வருகிற கேள்விதான் கனமானது. "அப்படியானால் எல்லாம் தகவல்தானா? சாதி, மதம் எதுவும் இல்லையா? தலித் மாணவனுக்கு ஓர் அண்ணன் இருந்துவிட்டால் போதுமா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமாகவே எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் நியாயம். நான் என் கதையை வைத்தே பேசிக்கொண்டிருந்தேன். நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, விவசாயக் குடும்பம். எனக்குத் தெரியாமல் போனது மட்டும்தான் இடர். தெரிந்தும் கேட்க முடியாதவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள்.

ஒருத்தியைச் சொல்கிறேன். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் குடும்பம், அவளும் முதல் பட்டதாரி. ஆனால் விவரம் முழுக்கத் தெரிந்தவள், அவள் ஊர்ப் பாதிரியார் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பியிருந்தார். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை, சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும், அரசே ஏற்கும் என்ற அரசாணை 92 வந்தது 2012-இல், நாங்கள் இரண்டாம் ஆண்டு. அதன் நகலைக் கையிலேயே வைத்திருந்தாள். அலுவலகத்தில் "அரசுப் பணம் வரும்போது வரட்டும், நீ இப்போது கட்டு, வந்தபின் தருகிறோம்" என்றார்கள். நகலைக் காட்டினாள். அதன்பின் அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே "அரசாணைக்காரி". எந்தச் சான்றிதழ் கேட்டுப் போனாலும் நாளை வா. மற்றவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிற கையெழுத்துக்கு அவள் இரண்டு மூன்று தடவை நடந்தாள்.

உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக உதவியாளர் சீட்டோடு வருவார், "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து வாங்க" என்று ஆசிரியர் சொல்வார். எழுந்து போகிறவர்களை எல்லாரும் பார்ப்பார்கள். முதல் பட்டதாரிப் பட்டியலும் படிப்பார்கள், அதற்கு நான் எழுந்து போயிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சீட்டுக்கு எழுந்தவர்களுக்கு ஆனது. அன்று மாலையே ஆய்வகக் குழுக்கள் கொஞ்சம் இடம்மாறும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் முதல் வாரத்தில் சுற்றி வளைத்துக் கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள். எந்த ஊர்? அந்த ஊரில் எந்தத் தெரு? திருவிழாவுக்கு உங்கள் மண்டகப்படி என்றைக்கு? குலதெய்வம் எது? நாலாவது கேள்விக்குள் விடை கிடைத்துவிடும். ஐஐடிகளில் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை, "ரேங்க் என்ன?" என்ற ஒரே கேள்வி போதும், ஒதுக்கீட்டில் வந்தவரா என்பதை ரேங்கே காட்டிவிடும். பாம்பே ஐஐடி 2023-இல் மாணவர்கள் ஒருவரையொருவர் ஜேஇஇ நுழைவுத் தேர்வு ரேங்க் கேட்பது முறையல்ல என்று எழுத்திலேயே அறிவித்தது. ஒரு நிறுவனம் அதைத் தாளில் எழுதிவைக்கிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால் அந்தக் கேள்வி எவ்வளவு வேலை செய்திருக்கும்.

அதே ஆண்டில் அதே வளாகத்தில், மெஸ்ஸில் சைவம் சாப்பிடுவோருக்கு மட்டுமென்று சில மேசைகளை ஒதுக்கியதை எதிர்த்ததற்காக ஒரு மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். மும்பைதானே என்று நினைக்காதீர்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு மெஸ்ஸில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டினார்கள், எதிர்ப்பு வந்தபின் எடுத்தார்கள்.

1 ஜூலை

மதுரைக்காரருக்கு இன்னும் ஒன்று. 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்ன கணக்கு: ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து இடையில் விலகிய பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். வேறு படிப்பு, வேறு கல்லூரி, சொந்தக் காரணம் என்று அரசு விளக்கம் சொன்னது. சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். மிச்சப்பேருடைய சொந்தக் காரணம் எதுவென்று யார் போய்க் கேட்டார்கள்?

2007-லேயே தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடக்கும் சாதிப் பாகுபாடு பற்றி, அரசு அமைத்த சுகதேவ் தோரட் குழு அறிக்கை கொடுத்தது. விடுதியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் ஒரு பகுதிக்குள் ஒதுங்கி வாழ நேர்ந்ததை அது எழுதியிருந்தது. அவர்கள் எல்லாரும் நாட்டின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்றை எழுதித் தேறியவர்கள். அவர்களுக்கு யார் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துவது?

8 ஜூலை

நேற்று முதலமைச்சர் அறிவிப்பு வந்திருக்கிறது, அரசு நலத்துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகள் இனி சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும். என்ன நினைக்கிறேன் என்று கேட்கிறார்கள்.

வரவேற்கிறேன். அரைகுறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே. என் வகுப்பில் அரசு விடுதியில் தங்கிப் படித்த இரண்டு பேர் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பார்கள். விடுதியின் வாசலில் இருந்த பெயர்ப்பலகையே சாதியைச் சொல்லிவிடும். அந்தப் பலகை மாறுவது அவர்களுக்கு ஒரு நிறுத்த தூரம் மிச்சம். ஆனால் அவர்கள் அதிகம் பேசியது பலகையைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. காலையில் மோட்டார் ஓடாவிட்டால் குளிக்காமல் முதல் மணிக்கு வருவார்கள், கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். கடைசி பெஞ்சில் உட்காருகிறவனைப் படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று முதல் பெஞ்ச் முடிவு செய்துவிடும். பலகையோடு மோட்டாரையும் மாற்றுங்கள்.

8 ஜூலை, இரவு

அரசியல் பேச வேண்டாம் என்கிறவருக்கு: மோட்டார் அரசியல் இல்லை.

12 ஜூலை

சிறுபான்மையினர் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். ஆம்பூர்ப் பக்கம், முதல் தலைமுறை, இப்போது இரண்டாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வகம், அண்ணன்மார் தொழுகைக்குப் போனால் வருகை போய்விடுகிறது என்கிறாள். எங்கள் காலத்திலும் அதே தொல்லைதான். ஒரு துறைத் தலைவர் மட்டும் அந்த மாணவர்களை வியாழக்கிழமை ஆய்வகக் குழுவில் போட்டார். ஒரு பேனாவால் தீர்ந்தது. மற்ற துறைகளில், "ஒருத்தனுக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்றார்கள். யார் கேட்டிருப்பார்கள் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன், யாரும் தட்டுப்படவில்லை.

ரமலான் மாதத்தில் விடுதி மெஸ் விடியற்காலை திறக்காது. என் தோழி ஒருத்தி மின்கெண்டியைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். விடுதியில் அது தடை. மூன்றரை மணிக்கு அவள் அறையில் ரவை உப்புமா நடக்கும். முதலில் நோன்பு வைக்கிற மூன்று பேர், பிறகு தேர்வுக்குப் படிக்க விழித்திருக்கிறவர்கள், பிறகு உப்புமாவுக்காகவே விழிக்கிறவர்கள். நான் மூன்றாம் வகை. கணிதத்தில் நான் பின்னால் தேறியதற்கு அந்த உப்புமாக் கூட்டமும் ஒரு காரணம், அங்கேதான் பக்கத்து அறைப் பெண் லாப்லாஸ் சொல்லிக்கொடுத்தாள். ஆறரை மணிப் பூட்டுக்குள் எங்களுக்கென்று இருந்த ஒரே டீக்கடை அது.

அந்தத் தோழி மேற்படிப்புக்குத் திருச்சி ஜமால் முகமது கல்லூரிக்குப் போனாள். முதல் மாதம் போன் செய்தபோது, "இங்கே நான் எதையும் விளக்க வேண்டியதில்லை" என்றாள். அந்த விளக்கம் எவ்வளவு நேரத்தைத் தின்றிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் படிப்பில் என்னைவிடக் கெட்டி. ஆனால் முக்காடு ஏன், மீன் சாப்பிடுவாயா, உங்கள் ஊரில் எல்லாரும் உருது பேசுவார்களா, அப்பாவுக்கு எத்தனை மனைவி என்று நான்காண்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். 2022-இல் கர்நாடகத்தில் முக்காட்டோடு வந்த மாணவிகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தியபோது அவளுக்குப் போன் செய்தேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி, அது பெரிய அமர்வுக்குப் போக வேண்டும் என்று நிற்கிறது. வாசலில் நின்ற பெண்களுக்கு அந்தக் கல்வியாண்டு நிற்கவில்லை.

13 ஜூலை

"சிறுபான்மைக் கல்லூரிகளில் இந்து மாணவன் சிறுபான்மை, அதையும் எழுதுங்கள்" என்கிறார் ஒருவர். எழுதலாம். நீங்கள் எழுதுங்கள், உங்கள் அனுபவமாக இருந்தால். அனுபவமில்லாமல் கணக்கு நேர்செய்வதற்காக வந்த கருத்தென்றால் வேண்டாம்.

18 ஜூலை

ஒரு விரிவுரையாளர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: இப்போது எல்லாக் கல்லூரியிலும் வழிகாட்டி ஆசிரியர் முறை இருக்கிறது, ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள், மாதம் ஒருமுறை சந்திப்பு, பதிவேடு. நான் முதல்வன் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. நீங்கள் பத்தாண்டுக்கு முந்தைய கல்லூரியைப் பேசுகிறீர்கள். கலாச்சாரத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது, மெல்லத்தான் மாறும்.

பதிவேடு எனக்குத் தெரியும் ஐயா. ஊரில் கலந்தாய்வுக்கு உதவுகிற பிள்ளைகள் காட்டுகிறார்கள். "உன் பலம் என்ன, பலவீனம் என்ன" என்று ஒரு கட்டம். எல்லாப் பிள்ளைகளும் பலம்: கடின உழைப்பு, பலவீனம்: ஆங்கிலம் என்று எழுதியிருக்கிறார்கள். கீழே ஆசிரியர் கையெழுத்து, மாதாமாதம் ஒரே பேனாவில், ஒரே நாளில் போட்டது போல. உங்கள் மீது குறை சொல்லவில்லை. அங்கீகாரக் குழு வரும்போது காட்ட வேண்டிய காகிதம் உங்கள் தலையில் எவ்வளவு என்பதும் தெரியும்.

மெல்லத்தான் மாறும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அதுவரை ராகிங்கை என்ன சொன்னார்கள்? கலாச்சாரம் என்றுதான் சொன்னார்கள். ஜூனியருக்கு ஜாலி, பழகிக்கொள்ள வழி, நாங்களும் பட்டதுதான். 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் வரை அபராதம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிகள், கட்டணமில்லாத் தொலைபேசி எண், சேரும்போதே பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் உறுதிமொழி. இன்று ஒரு சீனியர் முதலாண்டுப் பையனை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டால் இருவருக்குமே அந்தச் சட்டம் தெரியும்.

பாகுபாட்டுக்கும் யுஜிசி 2012-இல் விதிகள் போட்டது. சம வாய்ப்பு மையம், பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர். உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், அவர் அறை எங்கே? தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன். அந்த விதிகள் ஒழுங்காக நடைமுறையில் இல்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இரண்டு தாய்மார்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் உயிர்விட்ட ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா, மும்பையில் 2019-இல் உயிர்விட்ட மருத்துவர் பாயல் தட்வியின் தாய் ஆபிதா. பாயல் பழங்குடி, இஸ்லாமியர், முதுகலை மருத்துவ மாணவி. இந்த இழையில் நாம் தனித்தனியாகப் பிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் பலவும் அந்த ஒரு பெண்ணிடம் சேர்ந்திருந்தன.

19 ஜூலை

"ராகிங் மட்டும் நின்றுவிட்டதா?" நிற்கவில்லை. வாட்ஸ்அப்புக்குப் போயிருக்கிறது. ஆனால் அதை யாரும் இப்போது மேடையேறிப் பாராட்டுவதில்லை.

21 ஜூலை

கேள்வி கேட்ட ஐயா வந்திருக்கிறார். அண்ணன் மகளுக்கு 7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது, மின்னணுத் தொடர்பியல், அரசுக் கல்லூரி. வாழ்த்துகள். இனிப்பை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

"யாரைக் கேட்பது என்று அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்கிறார். அந்தக் கல்லூரியில் அதே துறையில், அதே ஒதுக்கீட்டில் முந்தைய ஆண்டு சேர்ந்த பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். சேர்க்கை நாளில் உதவி மேசையில் நிற்கும் சீனியர்களிடம் விசாரித்து அவள் எண்ணை வாங்கிவிடுங்கள். அப்பா அம்மா பக்கத்தில் நிற்கும்போதே வாங்குங்கள், பிறகு கூச்சம் வந்துவிடும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பத்து நகல். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர முடியாது என்றால், சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள்.

23 ஜூலை

விரிவுரையாளர் திரும்ப வந்துவிட்டார். அவர் கல்லூரியில் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் இருக்கிறாராம், அவர் பெயர் அவருக்கே நேற்றுத்தான் தெரிந்ததாம். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உதவித்தொகைப் பட்டியலை இனி வகுப்பில் படிப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி அனுப்புவது என்று துறைக் கூட்டத்தில் பேசப்போகிறார். விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு, தேர்விலிருந்து விலகல், வருகைக் குறைவு, உதவித்தொகைக் கடைசி நாள் இவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன் என்கிறார்.

நல்லது. ஒட்டுங்கள். ஒரு கேள்வி மட்டும்: எந்தப் பலகை? முதல்வர் அறைக்கு வெளியே இருக்கிற கண்ணாடிப் பெட்டியா? அங்கே நின்று படிக்க முதலாண்டுப் பிள்ளைக்குத் துணிச்சல் வராது, பூட்டுக்குள் இருக்கிற தாளைப் படமெடுத்தால் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரியும். மெஸ்ஸில் தட்டு கழுவும் இடத்துக்கு மேலே ஒன்று, பெண்கள் விடுதி மாடிப்படியில் ஒன்று, கல்லூரிப் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒன்று. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டுங்கள், தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும்.